கூடுதலாக இரண்டு பந்தம்

கல்யாணமாகி வந்த கிழமையே மாமி எனக்கு ஒரு வேலை பழக்கினார். இரவுச் சோற்றுக்கு உலை வைக்கும்போது அரைச் சுண்டு அரிசி கூடப் போடவேண்டும். சுண்டு என்றால் பெரிய அளவுப் பாத்திரம் ஒன்றுமில்லை, எங்கள் வீட்டுப் பழைய பால் தகரப்பேணி. இயக்கத்திலிருந்து என் மனிசன் எப்போது லீவில் வருவார் என்று எவருக்கும் தெரியாது. வருகிறேன் என்று சொல்லியனுப்பினால் வரமாட்டார். ஒருவரும் நினைக்காத ஒரு பின்னேரம் வேலிப் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்.

"வாறவன் பசியோடைதான் வருவான் பிள்ளை. வந்த பிறகு உலை வைச்சால் அவன்ரை லீவிலை பாதி குசினிக்குள்ளை போயிடும்" என்றார் மாமி.

அவர் வராத நாட்களில் அந்தச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நானும் மாமியும் வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்போம். நான் கட்டியது ஒரு மனிசனை. சாப்பிட்டது முழுக்க அவர் வராத நாட்களின் பழஞ்சோற்றை. இதைச் சொல்லி அந்த நாட்களில் நான்தான் அதிகம் சிரித்தேன்.

அவருடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீர் பாயும் வயல்காணிக்காக மல்லாவிப் பக்கம் வந்து குடியேறியவர்கள். மாமா நான் வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். இவரும் ஒரு தங்கச்சியும்தான் பிள்ளைகள். தங்கச்சியை, அதாவது என் மச்சாளை, பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் கல்யாணம் சமாதான காலத்தில் நடந்தது. போராளியைக் கட்டினால் காத்திருக்க வேண்டிவரும் என்று தெரிந்துதான் கட்டினேன். அந்த விஷயத்தில் என்னை ஒருவரும் ஏமாற்றவில்லை.

சண்டை திரும்பத் தொடங்கியபின் லீவு குறைந்தது. முன்னரங்கில் நிற்கிறார் என்பார்கள். எந்த முன்னரங்கு என்று கேட்கக்கூடாது. ஷெல் சத்தம் எந்தத் திசையில் கேட்கிறதோ அந்தத் திசையில் அவர் நிற்பதாக நினைத்துக்கொள்வேன். நான்கு பக்கமும் கேட்கும் நாட்களில் என்ன நினைப்பது என்று தெரியாமல் மாமியோடு சண்டை பிடிப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் கூட. மாமிக்கும் குறைவில்லை. சண்டை முடிய இரண்டு பேரும் சேர்ந்து தேத்தண்ணீர் குடிப்போம்.

அந்த நாளைய லீவு ஒன்று மறக்காது. நல்ல மழை. அவர் குசினிக்குள் பலகையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். திருவியதில் பாதி அவருடைய வாய்க்குள் போனது. எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. எப்படி இருக்கும், வருஷத்தில் எத்தனை நாள் மனிசன் வீட்டில் நின்றார்? ஆனாலும் பெயர் வைப்பதற்கு என்ன தடை என்று நான் தொடங்கினேன். பெட்டைப்பிள்ளைதான் என்று முடிவாயிற்று. அவர் சொன்ன பெயர்கள் எல்லாம் வீரச்சாவடைந்த சிநேகிதர்களுடையவை. வேண்டாம் என்றேன். ஒரு செத்தவீட்டையும் நினைக்கச் செய்யாத பெயர் வேண்டும், கூப்பிட்டால் வாய் இனிக்கவேண்டும் என்றேன். கடைசியில் நானே ஒன்றைச் சொன்னேன். அவர் திருவுவதை நிறுத்திவிட்டு இரண்டு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "இது நல்லாயிருக்கு" என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் இருந்த மாமிக்கு எல்லாம் கேட்டுவிட்டது. "பேரைக் குசினிக்குள்ளை சொல்லிப் பாத்தால் போதுமோ, வேலியடியிலை நிண்டு கூப்பிட்டுப் பாக்க வேணும்" என்று சொல்லிக்கொண்டு, தலையில் உரச்சாக்கைப் போட்டபடி மழைக்குள் இறங்கிப் போய், ஊருக்கே கேட்க அந்தப் பெயரைச் சொல்லி, "சாப்பிட வா மோனை" என்று கத்தினார். பக்கத்து வீட்டு மனிசி, "ஆரக்கா வந்திருக்கினம்?" என்று கேட்டா. "இனித்தான் வருவினம்" என்றார் மாமி. நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அது நான் தேடியெடுத்தது.

பிறகு நடந்ததை வன்னியில் எல்லோரும் பட்டார்கள். நான் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நானும் மாமியும் ஒரு தறப்பாளையும் ஒரு சட்டியையும் தூக்கிக்கொண்டு கிழக்கே கிழக்கே போனோம். அரிசி இருந்த நாட்களில் அரைச் சுண்டு கூடப் போடவில்லை. ஆனால் மாமி தன் பங்கில் ஒரு பிடியை ஒதுக்கி மூடிவைப்பார். கடைசியில் கடற்கரைப் பக்கம் எங்களைத் தேடிப்பிடித்து அவர் வந்தபோது அந்த ஒரு பிடிதான் இருந்தது. மூன்று பேரும் சேர்ந்துதான் இராணுவத்தின் பக்கம் வந்தோம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அவரைப் பிரித்து வேறு பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான். "அம்மாவை விட்டிட்டுப் போயிடாதை."

போகவில்லை. இதை இப்போது எழுதும்போது எனக்குப் பல்லு நறநறக்கிறது. ஆனாலும் உண்மை உண்மைதான், நான் போகவில்லை.

எங்களை அடைத்து வைத்திருந்த அகதி முகாமிலிருந்து வெளியே விட்டபின் நெளுக்குளத்தில் என் அண்ணா வீட்டில் மாமியோடு போய் இருந்தேன். அவரைத் தடுத்து வைத்திருந்த இடம் அங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். பார்க்க விடும் நாட்களில் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போவேன். வாசலில் நிற்கிற ஆமிக்காரன் ஒரு கம்பியால் சோற்றை அங்குமிங்கும் குத்திப் பார்ப்பான். மீன் பொரியல் உடையும். குத்தட்டும் என்று அடுத்தமுறை குழம்பாக வைத்துக்கொண்டு போனேன். கம்பியைக் கழுவ அவனுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அவர் விடுதலையானபின் மூன்று பேரும் மல்லாவிக்குத் திரும்பினோம். கொஞ்ச மாதங்கள்தான். விசாரிக்கிறோம் என்று புலனாய்வு ஆட்கள் வருவதும், அவர் போய்க் கையெழுத்து வைப்பதுமாக இருந்தது. நாய் குரைத்தால் அவர் பின்வளவுக்குப் போய் நிற்பார். மனிசன் இப்படியே நின்றால் செத்துப்போவார் என்று நினைத்து, வெளிநாட்டுக்குப் போகச் சொன்னது நான்தான். என் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். தாலிக்கொடி போனபின் தாலியை மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொண்டேன். சுற்றிச் சுற்றி கடைசியில் பிரான்சில் போய் நின்றார். "இஞ்சை இருக்க விடுற விசாக் காட் கிடைச்ச உடனை உன்னைக் கூப்பிடுவன். ரெண்டு வருஷம் பொறு" என்றார்.

இரண்டு வருஷம் எனக்கு ஒரு காலமா? முன்னரங்கைப் பொறுத்தவள், தடுப்பைப் பொறுத்தவள், இதைப் பொறுக்கமாட்டேனா? எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் கூப்பிட்டு நான் போகவேண்டும், இல்லாவிட்டால் அவர் திரும்பி வரவேண்டும். எந்த நாடு என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஒரே குசினிக்குள் இரண்டு பேரும் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

காணியை நானே செய்தேன். வாய்க்கால் தண்ணீருக்கு ஆம்பிளைகளோடு மல்லுக்கட்டினேன். அதனால் ஊரில் எனக்கு நல்ல பெயர் இல்லை, ஆனால் நெல் நன்றாக விளைந்தது. இரவில் உலை வைக்கும்போது அரைச் சுண்டு அரிசி கூடத்தான் போட்டேன். பிரான்சிலிருந்து ஒருத்தன் சோறு தின்ன மல்லாவிக்கு வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒருநாள் போடாமல் விட்டால் காத்திருப்பை விட்டுவிட்டேன் என்றாகிவிடும் போல இருந்தது.

போன் மாமியின் கைக்குத்தான் வரும். முதலில் மாமி கதைப்பார், பிறகு எனக்குத் தருவார். என்னோடு கதைக்கும்போது விசா, வழக்கு, லோயர் என்றே அவருக்குக் கதை. போகப்போக என் பங்கு சுருங்கியது. போன் வந்தால் மாமி, "பிள்ளை, கோழி எல்லாம் கூட்டுக்குள்ளை போயிட்டுதோ எண்டு ஒருக்காப் பார்" என்பார். நான் போய்க் கோழியைப் பார்த்துவிட்டு வருவேன். கோழிகள் எல்லாம் பத்திரமாக இருக்கும். கதையும் முடிந்திருக்கும்.

ஒருமுறை அண்ணா நெளுக்குளத்திலிருந்து வந்து முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு நேரடியாகச் சொன்னார்.

"அவன் உன்னைக் கூப்பிட மாட்டான். உனக்கு இன்னும் வயசிருக்கு. என்னோடை வந்திடு. நல்ல இடம் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன்."

"என்ரை மனிசன் உயிரோடை இருக்கேக்கை எனக்கு இடம் பாக்கிறியளோ? வெக்கமில்லையோ உங்களுக்கு?" என்று நான் போட்ட சத்தத்தில் ரோட்டால் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அண்ணா மாமியைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்கோ அம்மா" என்றார். மாமி பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "என்ரை பிள்ளை வருவான்" என்றார். அண்ணா தேத்தண்ணீரும் குடிக்காமல் எழும்பிப் போனார். அதற்குப் பிறகு என்னோடு அவர் கதைப்பதில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பின்னேரம் விளக்கேற்றிவிட்டு வழமைபோல மாமி என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார். "என்ரை பிள்ளை தந்த பொட்டு" என்பார் ஒவ்வொரு வெள்ளியும்.

பிறகு மாமிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மச்சாள் வந்து பார்த்துவிட்டுப் போவா, அவவுக்கும் மூன்று பிள்ளைகள், கடை, வீடு. குளிக்க வார்ப்பது, தூக்கி இருத்துவது, ஊட்டுவது எல்லாம் நான். இதை நான் வேலையென்று செய்யவில்லை. என்னைப் பெற்றவள் நான் சின்னனாக இருக்கும்போதே போய்விட்டாள். மாமியை நான் விரும்பினேன். சண்டை பிடிக்க அவரைவிட எனக்கு வேறு ஆள் இல்லை.

கடைசி நாட்களில் மாமிக்குக் கதை தெளிவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். என்னவோ சொல்ல வாயெடுப்பார், வராது. மகனை நினைத்து அழுகிறார் என்று நான் நினைத்தேன். "வருவார் மாமி, அழாதையுங்கோ" என்று இந்தமுறை நான் அவருக்குச் சொன்னேன். மாமி இன்னும் கூட அழுதார்.

செத்தவீட்டுக்கு வீடியோக்காரப் பொடியன் வந்தான். இப்போது எங்கள் பக்கத்தில் பந்தல் இல்லாமலும் செத்தவீடு நடக்கும், லைவ் இல்லாமல் நடக்காது. பெட்டியின் கால்மாட்டில் ஒரு ஸ்ராண்டில் போனைப் பூட்டிவிட்டான். அவர் அங்கே இருந்து பார்க்கிறார் என்று மச்சாள் சொன்னா. எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னை முழுசாகப் பார்க்கப்போகிறார்! சொன்னால் சிரிப்பீர்கள், மாமி செத்துக் கிடக்கிறார், நான் உள்ளே போய் முகம் கழுவிப் பொட்டை நேராக வைத்துக்கொண்டு வந்து, போனுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். அழுதது உண்மையான அழுகை. நின்ற இடம் மட்டும் பார்த்து எடுத்தது.

வாய்க்கரிசி போடும்போது என் பங்கைப் போட்டுவிட்டு இன்னொரு பிடி அள்ளினேன். "இது உங்கடை மகன்ரை, மாமி" என்று சொல்லிப் போட்டேன். போனைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அடுத்தது பந்தம். பேரப்பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பெரியவர்கள் தேவாரம் பாடுவார்கள். இப்போதெல்லாம் பேரப்பிள்ளைகள் பாதிப்பேர் வெளிநாட்டில். அவர்களுக்குரிய பந்தத்தை இங்கே அயல் பிள்ளைகளின் கையில் கொடுப்பார்கள், அவர்கள் அங்கே போனுக்கு முன்னால் நிற்பார்கள். மாமிக்கு மச்சாளின் பிள்ளைகள் மூன்று பேர். மாமாவின் தம்பி, நாங்கள் குஞ்சியப்பா என்று கூப்பிடுகிறவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் முன்னின்று செய்துகொண்டிருந்தார். தடிகளில் துணி சுற்றி நெய்யில் தோய்த்து ஒவ்வொன்றாகக் கொளுத்தினார். மச்சாளின் பிள்ளைகளுக்குக் கொடுத்தபிறகும் அவருடைய கையில் பந்தம் இருந்தது.

"ரெண்டு கூடிப்போச்சு குஞ்சியப்பா" என்று சொன்னது நான்தான். வீட்டில் எது கூடினாலும் குறைந்தாலும் நான்தானே பார்க்கிறவள்.

"கூடேல்லைப் பிள்ளை" என்றார் அவர், பந்தத்தைப் பார்த்தபடியே. "இது பிரான்சிலை இருக்கிற பெட்டைக்கு, இது பொடியனுக்கு. எனக்கு ஐஞ்சு பந்தம் பிடிக்க வேணுமெண்டு அண்ணி சுகமாயிருக்கேக்கையே என்னட்டைச் சொல்லி வைச்சவா. எங்கை, இந்த ரெண்டையும் ஆர் பிடிக்கிறது?"

பிரான்சில் மாமிக்கு ஒரு மகன்தான் இருந்தார். அந்த மகனுக்குப் பெண்சாதி ஒருத்திதான், அது நான்.

எனக்குத் தெரியும் என்று குஞ்சியப்பா நினைத்திருக்கிறார். பாவம், அவரில் பிழையில்லை. நான் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தேன். ஒருத்தியாவது வாயில் கை வைக்கவேண்டுமே. இல்லை. ஒருத்தியின் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாதது ஒன்று ஊருக்குத் தெரிந்திருந்தது. நான் வாய்க்காலில் நின்று சத்தம் போடும்போது, வெள்ளிக்கிழமை பொட்டோடு கோயிலுக்குப் போகும்போது, எல்லாருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

போனைப் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் அவர் நின்று பார்ப்பார், பக்கத்தில் அந்த இரண்டு பிள்ளைகளும் நிற்பார்கள். எனக்கு அவர்களைத் தெரியாது. அவர்களுக்கு என்னைத் தெரிகிறது. நான் பார்த்து எடுத்த இடத்திலிருந்து விலகிச் சுவரோரம் போய் நின்றேன்.

பந்தம் பிடித்த அயல் பிள்ளை ஒன்று மிகவும் சின்னது. நெருப்பைப் பார்த்துப் பயந்து கை சரிந்தது. நெய் சொட்டத் தொடங்கியது. ஒருவரும் கவனிக்கவில்லை. பிள்ளைக்குச் சுட்டுவிடுமே என்று நான்தான் ஓடிப்போய் அந்தத் தடியை நிமிர்த்திப் பிடித்தேன். தேவாரம் முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். யாருடைய பந்தத்தை யார் பிடிக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனபின் வீடு கழுவவேண்டும். மச்சாள் கிணற்றடிக்கு என் பின்னால் வந்தா.

"எனக்கும் சொல்ல விருப்பந்தான் மச்சாள். அம்மா என்ரை பிள்ளையளிலை சத்தியம் வாங்கினவா."

"ஏன்?"

"தெரிஞ்சால் நீங்கள் போயிடுவியள் எண்டு அம்மாவுக்குப் பயம். நீங்கள் போனால் தன்னை ஆர் பாக்கிறதெண்டு."

நான் வாளியைக் கீழே வைத்தேன். "என்னட்டைக் கேட்டவாவோ? ஒருநாள் கேட்டவாவோ? கேட்டிருந்தால் நிண்டிருப்பன். அவவுக்காக நிண்டிருப்பனே. பொய் சொல்லி ஏன் என்னைக் கட்டி வைச்சவா?"

மச்சாள் அழுதா. எனக்கு அழுகை வரவில்லை. புருஷன் இன்னொருத்தியோடு போவது உலகத்தில் புதுசில்லை. அது ஒரு மாதிரி நோவு, பல்லைக் கடித்துத் தாங்கலாம். மாமி ஒவ்வொரு வெள்ளியும் என் நெற்றியில் விரலை வைத்துச் சொன்னாரே, அதை எப்படித் தாங்குவது? இன்னொருத்தியின் மனிசனுக்காக எனக்குப் பொட்டு வைத்துவிட்டிருக்கிறார். அண்ணா வந்த அன்றைக்கும் வைத்தார். அந்த விரலை நான் எத்தனை நாள் சவுக்காரம் போட்டுக் கழுவியிருப்பேன்.

மாமியின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபின் அவர் போன் எடுத்தார். முதல் முறையாக என் போனுக்கு எடுத்தார். அவன் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. கை பழகிப்போய்விட்டது, வருகுதில்லை.

"நான் உன்னைக் கைவிட நினைக்கேல்லை" என்றார். "முதலிலை விசாக் காட் எடுக்கத்தான் அவவைக் கலியாணமெண்டு பதிஞ்சனான். பிறகு பிள்ளை வந்திட்டுது. உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. நீ அம்மாவைப் பாத்ததை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

அவர் சொல்லி முடிக்கட்டும் என்று இருந்தேன். எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியாது.

"பெட்டைக்கு என்ன பேர்?"

வெட்டிவிட்டாரோ என்று பார்த்தேன். வெட்டவில்லை.

பிறகு சொன்னார்.

"அம்மாதான் அந்தப் பேரை வைக்கச் சொன்னவா" என்றார். "நல்ல பேர், வீணாய்ப் போகக்கூடாதெண்டு."

"அது ஆர் வைச்ச பேரெண்டு மறந்திட்டியளோ?"

"இல்லை" என்றார். "மறக்கேல்லை."

மறந்துபோய் வைத்திருந்தால்கூட ஒரு மாதிரி இருந்திருக்கும். போனை வெட்டிவிட்டு அரிசிப் பானையைத் திறந்தேன். எனக்கு மட்டும் அளந்து போட்டு உலை வைத்தேன். அங்கே ஏதோ ஒரு வீட்டுக் குசினியில் நின்று இன்னொருத்தி என் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். கூப்பிட்டால் ஒரு பிள்ளை ஓடிவருகிறது.